வெறுங்கால் டிரம்ஸ்

நான் செருப்பில்லாமல் டிரம்ஸ் வாசிப்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மேடையைக் கோயிலாக நினைக்கிறான் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். ஏதோ வேண்டுதல் என்றார்கள். கஷ்டத்தில் வளர்ந்தவன், பழசை மறக்கவில்லை என்று ஒருவர் இணையத்தில் கண் கலங்கப் பேசியிருந்தார். கோயம்புத்தூரில் ஒரு நிகழ்ச்சிக்கு வந்த கல்லூரிக்காரர்கள் முப்பது நாற்பது பேர் ஷூவைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடினார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை, உள்ளங்கால் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நூல் மில்லில் மூன்று வருஷம். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றிவிட்டு வெறும் குழல்களை மாட்டுவது வேலை. பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லாமே ஜாடைதான். காதைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார், வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம், மூக்கைப் பிடித்தால் அந்த ஆள் நேற்றுக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். அந்த இரைச்சலுக்குள் ஒரு கணக்கு ஓடுவது எனக்கு மட்டும் பிடிபட்டது. ஷிப்ட் முடிந்ததும் ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கிற பருத்திக் கிடங்குக்குப் போய் வாசலில் நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய டிரம்ஸ்காரர் வரவில்லை. உட்காரட்டுமா என்று கேட்டேன். உட்கார்ந்தேன். அடுத்த மாதம் மில்லில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விட்டேன்.

கோயம்புத்தூரில் தட்டுக் கழுவினேன். பெங்களூரில் ஒரு ஓட்டல் பாரில் ஆறு வருஷம் வாசித்தேன். அங்கே யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படுக்க இடமில்லாதபோது அதிர்வை அடக்கப் பேஸ் டிரம்முக்குள் வைக்கும் தலையணையை எடுத்து ரயில்வே ஸ்டேஷனில் வைத்துப் படுத்திருக்கிறேன். பிறகு சென்னையில் நாலு பேர் சேர்ந்தோம். ராக் பாண்டு. மூன்றாவது வருஷம் ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. அது என்னுடைய டிரம்ஸில்தான் தொடங்கும். பன்னிரண்டு விநாடி, வேறு எதுவும் கிடையாது. எங்கே போனாலும் சாப்பாட்டு மேசையில் யாராவது அதைத் தட்டிக் காட்டுவார்கள். போலீஸ்காரர் ஒருவர் என் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, பெட்ரோல் டேங்க்கில் அதைத் தட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

காது போனது அந்த நாட்களில்தான். முதலில் சிம்பல் தட்டின் ஓசை மெலிந்தது. பிறகு போன் மணி. பிறகு பெண்கள் பேசுவது. வாசிக்கும்போது வேகம் தப்பாமல் இருக்கக் காதில் மாட்டும் கருவியில் டிக் டிக் என்று ஓர் ஓசை வரும். அதன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டக் கூட்டக் காது இன்னும் போனது. மதுரையில் ஒரு டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதிவரை நேராக வந்து, அங்கிருந்து கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்தது. "இன்னைக்கே விட்டீங்கன்னா மிச்சம் இருக்கறது இருக்கும். இல்லேன்னா அதுவும் போயிரும்" என்றார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது.

வழி ஒன்று கண்டுபிடித்தேன். பேஸ் கிட்டாரின் பெரிய ஸ்பீக்கரை என் டிரம்ஸ் இருக்கும் அதே பலகை மேல் வைக்கச் சொன்னேன். வெறுங்காலோடு உட்கார்ந்தால் பேஸின் ஒவ்வொரு தட்டும் பலகை வழியாக ஏறிக் குதிகாலுக்கு வரும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். எங்கள் பேஸ்காரன் தூத்துக்குடிக்காரன், என்னோடு பெங்களூரில் பட்டினி கிடந்தவன். அவனுக்கு மட்டும் தெரியும். பாட்டு முடியும் இடத்தில் அவன் தலையை ஆட்டுவான். இப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன்.

பிறகு தவற ஆரம்பித்தேன். திருச்சியில் ஒரு தடவை, திருநெல்வேலியில் ஒரு தடவை. எங்கள் பாட்டுக்காரன்தான் பாண்டுக்குத் தலைவன். சென்னைப் பையன், கெட்டவன் இல்லை. திருநெல்வேலி முடிந்ததும் வேனில் எனக்கு நேரே வந்து உட்கார்ந்து சொன்னான்.

"மச்சி, உனக்கு என்ன பிரச்சினைன்னு நான் கேக்கல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஷோ பாக்கலாம். அதுவும் சொதப்புச்சுன்னா, அடுத்த டூருக்கு வேற ஆளு. பெங்களூர்ல ஒருத்தன்கிட்ட பேசி வெச்சிருக்கேன்."

நல்ல வெளிச்சத்தில், வாயைத் திறந்து சொன்னதால் உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் புரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் என் சொந்த மண். ராஜபாளையத்தில் லாட்ஜ் போட்டிருந்தார்கள். நான் முந்தின நாளே தளவாய்புரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அங்கே நைட்டி தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறாள். அத்தான் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஊரைவிட்டு ஓடியபோது என்னைத் தேடிக் கோயம்புத்தூர்வரை வந்தவள் அக்கா ஒருத்திதான். ஆனால் நான் மேடையில் வாசித்து அவள் பார்த்ததே இல்லை. போனில்தான் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படிக்குள் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, எனக்கு எடது. ஒனக்கு?"

"என்ன அத்தான்?"

"கொழம்பு ஊத்தவான்னு ஒங்க அக்கா மூணு தடவ கேட்டுட்டா. நீ என் மொகத்தப் பாத்துச் சிரிக்க. எனக்குக் கேக்கலைன்னா நானும் சிரிச்சிருவேன். போன மாசம் ஒரு எழவு வீட்ல சிரிச்சு வச்சுட்டேன். ஒங்க அக்கா ரெண்டு நாளு பேசல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டும் அத்தான்" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேலி பேசவில்லை. "எனக்குப் பட்டாளத்துல பென்சன் குடுத்தான். ஒனக்கு எவன் குடுப்பான்?" என்றார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். தலையசைத்தார். உள்ளங்கால் விஷயத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று அந்த ஒன்றையும் சொல்லியிருக்கலாம்.

சாப்பிட்டுக் காலை நீட்டியபோது அக்கா பாதத்தைப் பார்த்துவிட்டாள். திருநெல்வேலியில் இரும்புச் சட்டத்தில் போட்ட மேடை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்திருந்தது. இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

"ஏலே, கால என்னலே பண்ணி வச்சிருக்க? ஆக்குன கெழங்கு மாதிரி வெந்து கெடக்கு. அம்புட்டுப் பேரு கைதட்டி என்ன, ஒரு செருப்பு போடுததுக்கு வழியில்லையா?"

"வேண்டுதல்க்கா."

"எந்தச் சாமிக்கு?"

"எல்லாச் சாமிக்கும்."

"எல்லாத்துக்கும் பொதுவா வேண்டுனா ஒரு சாமியும் காதுல வாங்காது. நல்லா வேண்டுன போ."

அத்தான் வெற்றிலையை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தார். வெளியே மறுக்காமல் விட்ட பொய்யை அன்று முதல்தடவையாக என் வாயாலேயே வீட்டில் சொன்னேன். அது எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கடைக்காரர் கண்ணாடி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மேலே கைகாட்டினார். மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. "அண்ணே, ஒங்க பாட்டுத்தான்" என்று உதடு அசைந்தது. என் பன்னிரண்டு விநாடி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தலையைத் தலையை ஆட்டினேன். எந்த இடம் ஓடுகிறது என்று தெரியாமல் ஆட்டினேன். டீ ஆறிவிட்டது; அப்படியே வைத்துவிட்டு லாட்ஜுக்கு நடந்தேன். அன்றைக்குள் ஏதாவது நடந்து நிகழ்ச்சி நின்றுபோகக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மழை வரலாம், யாராவது பெரிய மனிதர் சாகலாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு திடலில் மேடை. இரும்புச் சட்டம், மேலே பலகை. மூன்று மணிக்கு ஒலி சரிபார்க்கப் போனோம். பலகை கொதித்தது. நான் மாறி மாறிக் காலைத் தூக்குவதைப் பார்த்து வேலையாட்கள் சிரித்தார்கள். ஆனால் உட்கார்ந்து வாசித்தபோது பேஸ் அப்படியே காலில் ஏறியது. நல்ல பலகை. மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்து மலை தெளிவாகத் தெரிந்தது. பேஸ்காரன் என் முதுகில் தட்டி, "சும்மா தெளிவா இருக்குல. இன்னைக்குத் தப்பிச்சோம் மக்கா" என்றான். தலைவனும் கட்டைவிரலைக் காட்டினான். ஒரு மாதத்தில் அன்றுதான் பசித்தது. லாட்ஜுக்குப் போய் இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டேன்.

ஏழு மணிக்கு மேடை ஏறினோம். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்திருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. இருட்டில் என் இடத்துக்குப் போய்க் காலை வைத்தேன். மெத்தென்று இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. குனிந்து தடவினேன். துணி. தடித்த துணி விரிப்பு, நைட்டி வெட்டிய மிச்சத் துண்டுகளை ஏழெட்டு அடுக்காகப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தது. டிரம்ஸ் மொத்தத்துக்கும் அடியில், ஸ்டூலுக்கும் மிதிக்கட்டைக்கும் அடியில், ஓரமெல்லாம் டேப் ஒட்டி விரித்திருந்தார்கள். விளக்கு வந்தது. முதல் வரிசையில் அக்கா. பக்கத்தில் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையில். அக்கா விரிப்பைக் கையால் சுட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு, வெயில் காலத்தில், வழியில் ஈரச்சாக்கு விரிப்பார்கள். விரிக்கிறவனுக்கும் அதில் புண்ணியம் உண்டு. அக்கா அதைத்தான் செய்திருக்கிறாள். நான் தூங்கிய பிறகு ராத்திரியெல்லாம் தைத்து, நாங்கள் லாட்ஜுக்குப் போன நேரத்தில் அத்தானிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். பட்டாளத்துக்காரர் அதட்டினால் மேடை வேலையாட்கள் என்ன செய்வார்கள்? டிரம்ஸைத் தூக்கி, விரிப்பைப் போட்டு, அடையாளம் பிசகாமல் திரும்ப வைத்துவிட்டார்கள்.

அப்போதே எழுந்து கையைக் காட்டி, இதை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஏன் என்று தலைவன் கேட்பான். என்ன சொல்வது? அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குச்சிகளை எடுத்தேன்.

உள்ளங்காலில் ஒன்றுமே இல்லை. பேஸ்காரன் நாலடி தூரத்தில் நின்று வாசிக்கிறான், எனக்கு எதுவும் வரவில்லை. கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. முதல் மூன்று பாட்டுக்கு ஒரு தந்திரம் செய்தேன். இடது காலை நீட்டி, விரிப்பின் ஓரத்தைத் தாண்டி, பெருவிரல் நுனியைப் பலகையில் ஊன்றினேன். ஒரு விரல் வழியாகக் கொஞ்சம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்றாவது பாட்டு முடிவில் தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. காலை மடக்க வேண்டியதாயிற்று.

நாலாவது, அந்தப் பாட்டு. பன்னிரண்டு விநாடி என்னுடையது. அதற்கு யாரும் தேவையில்லை. அதைச் சரியாக வாசித்தேன். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள் என்று அவர்கள் கை அசைவதை வைத்துத் தெரிந்துகொண்டேன். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் நாலு பேரும் சட்டென்று நின்று, நாலு எண்ணிக்கை சும்மா இருந்து, மறுபடியும் தொடங்க வேண்டும். எப்போதும் பேஸ் நிற்பதைக் காலில் பிடித்து நிறுத்துவேன். அன்று கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். எங்கேயோ எண்ணிக்கை தவறியது. எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்ணைத் திறந்தபோது கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து நின்றிருந்தாள். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். இன்னும் பலமாக அடித்தேன். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டில் பார்த்தேன். தலைவனுடைய கிட்டார் கழுத்தில் சும்மா தொங்கியது. இரண்டு கையையும் தொங்கவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேஸ்காரன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், எவ்வளவு நேரமாக ஆட்டினானோ. அவர்கள் நின்று வெகுநேரம் ஆகியிருக்கிறது. நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர்க்காரன் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறான் என்று ஜனம் நினைத்துவிட்டது.

நிறுத்தினேன். தலைவன் மைக்கில் ஏதோ சொன்னான். கூட்டம் இன்னும் கைதட்டியது. அவன் ஒலிக்காரர் பக்கம் போய்ச் செத்த நேரம் குனிந்து பேசிவிட்டு வந்தான். மீதி நாலு பாட்டை, பேஸ்காரனின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வேர்வை கண்ணில் விழ விழத் துடைக்காமல் வாசித்தேன். ஓரளவு பிடித்துவிட்டேன் என்று பட்டது. கடைசிப் பாட்டு முடிந்தபோது எல்லாரும் ஒன்றாகத்தான் நின்றோம். ஒரு தவறுக்காக ஓர் ஆளை மாற்றிவிட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே படுத்தேன்.

காலையில் லாட்ஜ் வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவன் என்னைக் கட்டிப்பிடித்தான். போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். பேஸ்காரன்தான் என் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனான். முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகப் பேசினான்.

"நீ இங்கேயே இருந்துக்க மக்கா."

"கடைசி நாலு பாட்டு நல்லாத்தானல போச்சு?"

அவன் கீழே பார்த்தான். பிறகு எனக்கு உதடு தெரிய வேண்டும் என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தான்.

"கடைசி நாலு பாட்டுக்கு ஒன் டிரம்ஸ் மைக் எல்லாத்தையும் அமத்திட்டாவ. லேப்டாப்புல இருந்த பழைய ரெக்கார்டு டிரம்ஸத்தான் ஓட்டுனாவ. நீ அடிச்சது யாருக்கும் கேக்கல."

"நீ ஏன்ல சொல்லல?"

"எப்பிடில சொல்ல? கத்துனா கேக்குமா ஒனக்கு?"

சொல்லிவிட்டு அவன் அழுதான். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்திருக்க வேண்டும். அவன் திரும்பிப் பார்த்தான். என் குச்சிப் பையையும் சுருட்டிய விரிப்பையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தளவாய்புரம் பஸ் ஏறினேன். ஒருவன் போனில் என்னுடைய தனி ஆவர்த்தனத்தைக் காட்டினான். அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றியிருந்தது. கீழே, நம்ம ஊர் சிங்கம் என்று எழுதியிருந்தார்கள்.

அத்தான் வாசலில் நின்றிருந்தார். என் தோளில் இருந்த விரிப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவர் பீரங்கிக்காரர், சத்தம் மண் வழியாக வரும் என்பது தெரிந்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாப்ள, நாந்தான் டேப் ஒட்டுனேன்" என்றார்.

"தெரியும் அத்தான்."

அக்கா உள்ளே இருந்து வந்தாள். விரிப்பை வாங்கி உதறி, எங்கேயாவது தையல் விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புட்டுக் கைதட்டு. எனக்கு மேலெல்லாம் ஆடிப்போச்சுலே. காலு சுடலையே?"

"சுடலக்கா."

"வேண்டுதல் செருப்புக்குத்தான, விரிப்புக்கு இல்லையே. அடுத்த ஊருக்கு என்னைக்குப் போற? இன்னும் ரெண்டு அடுக்குச் சேத்துத் தச்சுத் தாரேன்."

கொஞ்ச நாள் ஆகும் என்றேன். அத்தான் தெருவில் இறங்கிப் போனார்.

இப்போது மறுபடியும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருக்கிறேன். பஞ்சுத் தூசி பெருக்குகிற வேலை. உள்ளே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. காதைத் தொட்டால் சூப்பர்வைசர், வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. என் காது பற்றி இங்கே ஒருவரும் கேட்டதில்லை. டாக்டர் சொன்ன மிச்சமும் போய்விட்டது என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்க்கவில்லை. அக்காவைப் பொறுத்தவரை நான் ஓய்வில் இருக்கிறேன். இரண்டு அடுக்குச் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். மில் கொடுத்த அறையில் அந்த விரிப்பை விரித்துத்தான் படுக்கிறேன். தரையில் அடுத்த கட்டடத்து மெஷின் ஓடுவது, அதன் மேல் படுத்தால் தெரிவதில்லை.